மொட்டைக் கடுதாசியை எழுதியது யார்? 12ஆம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன்

சிப்புட்காரி:
என் தொடரைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்காதவர்களுக்காகக் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

களம் மலேசியாவில், பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட். தேவகி 1984இல் பிறந்தவள். அப்பா தமிழர், ரப்பர் தோட்டத்தில் பால் லாரி ஓட்டியவர். அம்மா புதுக்கிராமத்துச் சீனப் பெண். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1 முதல் கல்யாணத்தைப் பதிந்தாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், யார் அதையெல்லாம் கவனித்தார்கள்? பிள்ளை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு லாரி பள்ளத்தில் கவிழ்ந்து அப்பா போய்விடுகிறார். பதிவுக் கல்யாணம் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன் பெயர் எழுத, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்க வேண்டும். செத்தவர் எங்கே வந்து கேட்பது? சூராட்டில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், அப்பா பெயருக்கு நேரே ‘தகவல் பெறப்படவில்லை’.

அம்மா அவளை ஈப்போவுக்குக் கொண்டுபோய்ச் சீனப் பள்ளியில் படிக்க வைக்கிறாள். 2009இல் அம்மா இறக்கிறாள். கட்டிலுக்கடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே தமிழில் எழுதிய நான்கு மொட்டைக் கடுதாசிகள். அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. டின்னைத் தூக்கிக்கொண்டு சிப்புட் வருகிறாள். பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் கடிதங்களைப் படித்துச் சொல்கிறான். காதல் அங்கேதான். ஒரு வாரத்தில் அவள் தங்கியிருக்கும் அறைக்கதவின் கீழே ஐந்தாவது கடிதம் வருகிறது. அதே கையெழுத்து.

எழுதியது மளிகைக்கடைச் சீன மாமா என்று வைத்திருந்தேன். அம்மாவைக் கட்ட ஆசைப்பட்டவர், தமிழனைக் கட்டிக்கொண்டாளே என்று வன்மம். போன வாரம் ஒரு வாசகி, “சீனக் கிழவன்தான் வில்லன் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது, அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?” என்று கேட்டார். சுருக்கென்று இருந்தது. இனவெறுப்பைப் பற்றி எழுதப் போய், எதிர்வீட்டுக்காரன்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன் போல. யாரை எழுத வைக்கலாம்?

நள்ளிரவு வாசகன்:
பாரக்கடைக்காரன். நல்லவனாகவே வருபவன்தான் கடைசியில் மாட்டுவான்.

சிப்புட்காரி:
1984இல் அவனுக்கு நான்கு வயது தம்பி. பழைய கடிதங்களை எழுத முடியாதே.

பழைய கிராணி:
வணக்கம் அம்மா. 31 வருடம் தோட்ட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். கதையில் சில இடங்கள் உறுத்தின, சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, நான்காம் அத்தியாயத்தில் கொட்டும் மழையில் அம்மாக்காரி பால் வெட்டுகிறாள். மழை பெய்தால் வெட்டு கிடையாது. பட்டையில் தண்ணீர் வழிந்து கோடு தாண்டி ஓடும், கோப்பைக்குப் பால் வராது, வந்தாலும் தண்ணீர். அன்றைக்குப் பிரட்டு (காலை ஆள்கணக்கு) கலைந்து எல்லோரும் வீட்டுக்குத்தான். அதே காட்சியில் ரப்பர் காய் துப்பாக்கிபோல வெடிக்கிறது என்று பயமுறுத்துகிறீர்கள். காய் வெடிப்பது காய்ந்த வெயிலில். மழை இரவில் வெடிக்காது. உங்களுக்குச் சத்தம் வேண்டுமானால் 2009ஆம் வருடப் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் செம்பனை (பாமாயில் மரம்) வந்துவிட்டது, எலி பிடிக்கக் கூகைக்குக் கூண்டு வைத்திருப்பார்கள். ராத்திரி அது கத்தினால் பழகாதவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும்.

இரண்டு, அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வரும் தபால் எல்லாம் முதலில் ஆபீசுக்கு வரும். பிரித்துக் கொடுப்பது என்னைப்போல ஒரு கிராணி. பெயர் எழுதாத உறையும் எங்கள் கண்ணில் படாமல் லயத்துக்குப் போகாது. அதனால் தபாலில் அனுப்பினார்களா, கையால் போட்டார்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். தமிழ் தெரியாத பெண்ணுக்கு எதற்குத் தமிழில் எழுத வேண்டும்?

சிப்புட்காரி:
ஐயா, மழைக் காட்சியை இன்றே மாற்றுகிறேன். நான் பிறந்தபோது எங்கள் தோட்டத்தில் பாதிக்குமேல் செம்பனை, பால்மரம் அம்மா சொன்ன கதைதான். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஈப்போ வாசகி:
பதில் இல்லையா? அதுதானே கதையே, தங்கச்சி! அவளால் படிக்க முடியாது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். கடுதாசியைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தரிடம் போய், “இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்று அவள் நிற்க வேண்டும். தன்னைப் பற்றிய அசிங்கத்தைத் தானே கொண்டுபோய் ஊர் வாயில் போட வேண்டும். இது பொம்பளை மூளை. சீன மாமாவுக்கு இந்த அளவு வராது.

அந்த அம்மா ஒரு கடிதத்தையும் யாரிடமும் காட்டவில்லை, 25 வருடம் டின்னில் வைத்திருந்தாள் என்றால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அதை ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் கதாநாயகன் சப்பென்று இருக்கிறான். இந்த மாதிரிக் கதையில் அவன்மேல் நமக்குக் காதலும் வர வேண்டும், சந்தேகமும் வர வேண்டும். கடிதத்தை அவன் படித்துச் சொல்லும்போது பொய் சொல்லட்டும். “சீனச்சி வயிற்றுப் பிள்ளை நம் வீட்டு வாசல்படி மிதிக்கக் கூடாது” என்று எழுதியிருப்பதை அவன், “ஊருக்கு வராதீர்கள் என்று எழுதியிருக்கிறது” என்று மட்டும் சொல்லட்டும். வாசகருக்கு முழுதும் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுக்காகத்தான் மறைக்கிறானா, தனக்காக மறைக்கிறானா? அதிலேயே பத்து வாரம் ஓட்டலாம்.

தைப்பிங் மழை:
எல்லாரும் குடும்பக் கதைக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். இனவெறுப்பு என்றால் 1969 மே 13 கலவரத்தை உள்ளே கொண்டுவர வேண்டாமா? இல்லையென்றால் 2001 கம்போங் மேடான் மோதல். ரத்தம் சிந்திய வெறுப்பைத் தொடாமல் மொட்டைக் கடுதாசியில் என்ன பெரிய இனவெறுப்பு வந்துவிடும்?

சிப்புட்காரி:
அண்ணே, கோபப்படாதீர்கள். அந்த இரண்டும் கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் நடந்தவை. அதை எழுத அங்கே வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு என்று வேறு வரலாறு இருக்கிறது. 1948 ஜூன் 16 காலையில் இங்கே இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. அப்புறம் 1950இலிருந்து காட்டோரத்துச் சீனர்களை லட்சக்கணக்கில் கொண்டுவந்து முள்கம்பிக்குள் குடிவைத்தார்கள். தேவகியின் அம்மா பிறந்த புதுக்கிராமம் அப்படி வந்ததுதான். தோட்டத்து லயத்துக்கும் வேலி போட்டார்கள். அரிசி அளந்து கொடுத்தார்கள், கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக விடவில்லை. இரண்டு வேலிக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான்.

நான் கண்ணால் பார்த்த வெறுப்பையும் சொல்கிறேன். ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அம்மா சீனர். பரிமாறிய அக்கா எனக்கு ரசம் ஊற்றினார், அந்தப் பெண்ணின் இலையைத் தாண்டி அடுத்தவருக்கு ஊற்றினார். “அவங்களுக்கு ரசமெல்லாம் பிடிக்காது” என்று என்னிடம் சொன்னார், அவளிடம் இல்லை. அவள் வீட்டில் தினமும் ரசம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. அவள் கையை இலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு இன்னும் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

தைப்பிங் மழை:
சரி, புரிகிறது. மலாய்க் கதாநாயகனாக வைத்தால் இன்னும் சூடு பிடிக்கும் என்று சொல்ல வந்தேன்.

ஈப்போ வாசகி:
அப்படி வைத்தால் கல்யாணத்துக்கு அவள் மதம் மாற வேண்டும், அதோடு கதை வேறு ரோட்டில் போய்விடும். தங்கச்சி, அந்தப் பக்கம் போகாதீர்கள். அது வேறு நாவல்.

பினாங்கு சிண்டியன்:
நான் அப்படியே தேவகிதான், ஆணாக. அம்மா ஹொக்கியன் சீனர், அப்பா தமிழர். பாரத்தில் இனம் கேட்கும் இடத்தில் ‘லாயின்-லாயின்’ (மற்றவர்) கட்டத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன்.

கதையில் தேவகியை எல்லோரும் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நிஜத்தில் திட்டு குறைவு. நாமே எதையாவது பார்த்து, அது திட்டுதான் என்று முடிவு கட்டிக்கொள்வோம். எனக்கு ஒன்பது வயதில் சீனப் பாட்டி இறந்தார். மாமா பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு நிறத் துணி, எனக்கும் தங்கைக்கும் வேறு நிறம். கறுப்பாக இருப்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்று முழுவதும் பிண ஊர்தி பக்கமே போகவில்லை, மாமா கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த நிறம்தானாம். பெரியம்மாவின் பிள்ளைகளும் அதைத்தான் கட்டியிருந்தார்கள், முழுச் சீனர்கள். நான் அவர்களைப் பார்க்கவே இல்லை.

சந்தேகக் கதை எழுதுகிறீர்கள். இந்த மாதிரித் தப்பாகப் படித்த அடையாளம் ஒன்று வையுங்கள். தேவகி யாரையாவது அநியாயமாகச் சந்தேகப்பட வேண்டும். உங்கள் சீன மாமா அதற்குப் பொருத்தமான ஆள்.

இந்தியரை ஏசும் ‘கெலிங்’ என்ற சொல்லை முழுசாக எழுதலாமா என்று பழைய இழை ஒன்றில் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். ஆனால் நாம் மறுபக்கத்தைச் சொல்லும் ‘சப்பைமூக்கு’ம் அதே பக்கத்தில் வர வேண்டும்.

ஆமோய் பேரன்:
நான் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இன்று சொல்லத் தோன்றுகிறது.

தமிழில் எழுதியிருப்பதால் எழுதியவர் தமிழர்தான் என்று ஏன் எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள்?

என் பாட்டி சீனர். பெற்றவர்கள் கைக்குழந்தையாகத் தோட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை, வறுமை, அதோடு ஜாதகம். 1950 சீனர் கணக்கில் புலி ஆண்டு, புலி வருடத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அந்தக் காலத்தில் இப்படி வளர்ந்த பெண்கள் தோட்டத்துக்கு நாலைந்து பேர் உண்டு. பத்திரத்தில் அம்மன் பெயர், லயத்தில் எல்லோருக்கும் ஆமோய், சீனப் பெண் என்று அர்த்தம். தமிழ்ப்பள்ளியில் படித்தார். மூக்குத்தி, சேலை, ஆடி மாதம் கூழ். தீமிதியும் மிதித்திருக்கிறார். சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. கடைசியில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தாதி வந்து சீனத்தில் நிறுத்தாமல் பேசினாள். பாட்டி என்னைப் பார்த்து, “என்னடா சொல்றா இந்தச் சீனச்சி?” என்றார்.

நள்ளிரவு வாசகன்:
நிறுத்துங்க நிறுத்துங்க. 1950இல் பிறந்தால் 1984இல் 34 வயது, 2009இல் 59. தேவகியின் அப்பாவுக்கு அக்காவாக இருக்கலாம்! கடுதாசி எழுதியது அத்தை! தத்து வந்த சீனப் பெண்!

ஈப்போ வாசகி:
எனக்குப் புல்லரிக்கிறது. இன்னும் ஒன்று சேர்க்கவா? பாரக்கடைக்காரன் அந்த அத்தையின் மகன்.

யோசித்துப் பாருங்கள். அத்தை மகன் என்றால் தேவகிக்கு முறைமாப்பிள்ளை. தகப்பன் பெயர் இல்லாத சூராட்டை வைத்துக்கொண்டு அவள் தேடுவது அப்பாவை. கிடைப்பது அத்தையும் உரிமையுள்ள மாப்பிள்ளையும். அவன் முதல் கடிதத்தின் முதல் வரியிலேயே அம்மாவின் கையெழுத்தைக் கண்டுகொண்டிருப்பான். அதனால்தான் பொய் சொல்லிப் படிக்கிறான்.

சிப்புட்காரி:
அக்கா, தூக்கம் போய்விட்டது. ஆனால் அத்தைக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? தம்பி தன்னைப் போன்ற ஒரு பெண்ணைத்தானே கட்டினான்?

பினாங்கு சிண்டியன்:
அதனால்தான். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, ஆட்கள் மூலைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அவள் யார் என்று தெரிந்தவர்கள் ஊரில் மிச்சமில்லை. வெயிலில் கறுத்த முகம், பெரிய பொட்டு, சேலை. யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சீன முகத்தோடு ஒருத்தி மருமகளாக வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தால்? இரண்டு முகத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அப்புறம் பாரக்கடைக்காரனும் என் கட்சிதான். அவனுக்கே தெரியாது. ஊருக்கெல்லாம் ‘இந்தியர்’ கட்டத்தில் டிக் போட்டுக் கொடுப்பவன்.

ஆமோய் பேரன்:
நான் சொல்லியிருக்கவே கூடாது.

என் பாட்டியை எடுத்து வில்லியாக்கிவிட்டீர்கள், அதுவும் கால் மணி நேரத்தில். பெற்றவர்கள் வேண்டாம் என்றார்கள், இப்போது கதையிலும் அவர்தான் கெட்டவர். பாட்டி ஒளித்துவைக்க எதுவும் இல்லை. தோட்டத்தில் அவர் யார் என்று தெரியாத ஆளே கிடையாது. என் அம்மாவுக்கு ஜாதகம் பார்க்கும்போதே, “நான் சீனப் பிள்ளை, தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க” என்றவர்.

நள்ளிரவு வாசகன்:
அண்ணே, கதைதானே.

ஆமோய் பேரன்:
உங்களுக்குக் கதை.

சிப்புட்காரி:
அண்ணே, மன்னித்துவிடுங்கள். நேற்றெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை அத்தை பாசத்தால் எழுதினாள், தேவகியைக் காப்பாற்றத்தான் எழுதினாள் என்று மாற்றிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

ஆமோய் பேரன்:
அது இன்னும் மோசம். வெறுத்தால் வெறுத்தாள் என்றே எழுதுங்கள். காரணம் கண்டுபிடித்துக் கழுவி வைக்க வேண்டாம். வெறுப்பதற்கும் ஒரு மனுஷிக்கு உரிமை இருக்கிறது. ஆனால் லாரியை அவள் கவிழ்க்க வேண்டாம். தம்பியைக் கொல்ல மாட்டாள். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

பழைய கிராணி:
தம்பி சொல்வது சரி. லாரியை நான் கவிழ்த்துத் தருகிறேன். மலைத் தீம்பாரில் (ரப்பர் காட்டில்) மண் ரோடு, பால் நிறைந்த தொட்டி, பாதி நிறைந்தால் இன்னும் ஆபத்து, வளைவில் பால் ஒரு பக்கம் அலைந்து வண்டியை இழுத்துவிடும். கொலை வேண்டியதே இல்லை. கொலை என்று எல்லோரும் நம்புவது போதும்.

கையெழுத்தைப் பற்றி ஒரு யோசனை. ஐம்பதுகளில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் பழைய எழுத்துத்தான் எழுதுவார். லை, னை, ணை, ளை எல்லாம் யானை தும்பிக்கையைத் தூக்கியது மாதிரி மேலே வளையும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்தைச் சீர்திருத்தினார்கள், இங்கே பள்ளிகளுக்கு அப்புறம்தான் வந்தது. உங்கள் பாரக்கடைப் பையனுக்குப் புதிய எழுத்து. நானே இன்னும் பழைய லைதான் போடுகிறேன், கை மாறவில்லை. சீன மாமாவுக்குத் தமிழ் பேச வரும், கடன் கேட்டால் ஏசவும் வரும், எழுத வராது.

சிப்புட்காரி:
ஐயா, கும்பிடுகிறேன். 12ஆம் அத்தியாயத்தின் ஒரு துண்டைப் போடுகிறேன், பாருங்கள்.

“ஐந்து கடிதத்தையும் கட்டிலில் பரப்பினாள். அவளுக்கு அது எழுத்து இல்லை, கோலம். சுழித்துச் சுழித்துப் போகும் கோலத்தில் ஓர் உருவம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, தலைக்குமேல் தும்பிக்கையை வளைத்த யானை. காகிதத்தில் அதை வரைந்துகொண்டு வெளியே போனாள். நகைக்கடைப் பலகையில் இல்லை. கோயில் நன்கொடைப் பட்டியலில் இல்லை. செய்தித்தாளில் இல்லை. பாரக்கடையில் அவன் எழுதிக் கொடுத்த விலாசத்திலும் இல்லை, அதைப் பார்த்ததும் தனக்கு ஏன் அவ்வளவு நிம்மதி வந்தது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. மதியம் அவன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தான். மூடியில் பெயின்ட்டால் எழுதிய பெயர். பெயரின் நடுவில் யானை நின்றது.

‘யார் எழுதினார்கள்?’

அவன் மூடியைக் கவிழ்த்து வைத்தான். ‘கடையில் எழுதிக் கொடுத்தது’ என்றான்.”

ஈப்போ வாசகி:
அடப்பாவி! பொய்யைப் பார். இவனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதே, என்ன செய்வது.

பினாங்கு சிண்டியன்:
அந்த நிம்மதியும் வெட்கமும் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு குறை, அத்தையை இன்னும் நாம் பார்க்கவில்லை. அவள் சோறு போடுவதையாவது காட்டுங்கள்.

ஆமோய் பேரன்:
தூக்கு மூடியில் பெயர் எழுதுவது பாட்டியும் செய்வார்.

சரி, ஒன்று சொல்கிறேன், வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கும் காலையில் எங்கள் வாசல்படியில் இரண்டு ஆரஞ்சுப் பழம் இருக்கும். யார் வைத்தார்கள் என்று யாரும் பார்த்ததில்லை, பாட்டி கேட்டதும் இல்லை. எடுத்து, எங்களுக்கு உரித்துக் கொடுப்பார், நாரெல்லாம் எடுத்து. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு வருடம் பழம் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. பாட்டி அன்று வாசலை இரண்டு தடவை பெருக்கினார்.

சிப்புட்காரி:
அண்ணே, இதை அத்தைக்குக் கொடுக்கலாமா? 1985 பெருநாளில் வைக்கிறேன், தேவகியின் அம்மா ஊரைவிட்டுப் போன பிறகு வரும் முதல் பெருநாள்.

ஆமோய் பேரன்:
கொடுங்கள். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அவளை ஒரு சுளைகூடத் தின்ன வைக்காதீர்கள்.

பழைய கிராணி:
அந்த வருடம் பெருநாள் பிப்ரவரி 20. அப்போது இலையுதிர் காலம், பால்மரம் மொட்டையாக நிற்கும். லயத்து வாசலில் நிழல் கிழல் என்று எழுதிவிடாதீர்கள்.

சிப்புட்காரி:
எழுதித்தான் வைத்திருந்தேன் ஐயா. எடுத்துவிட்டேன்.